தாளப்பொறியும் ஈர விரலும்



சென்ற கோடை விடுமுறையில் என் பேத்தி எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தாள். பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்பவள். ஒருநாள் மாலை, பழைய சாமான் கடையிலிருந்து ஒரு சிறு மின்னிசைப் பெட்டியை வாங்கி வந்தாள். குழந்தைகள் விளையாடுவதற்கென்று செய்யப்பட்ட பெட்டி அது. சில கட்டைகளும், தாளம் ஒலிப்பதற்கென நான்கு பொத்தான்களும் அதில் இருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால், மேனாட்டு முரசின் ஓசை ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதற்கு அவள் கொடுத்த விலை 300 ரூபாய். வந்ததும் வராததுமாகத் திருப்புளியை எடுத்தாள். பெட்டியின் அடிமூடியைக் கழற்றத் தொடங்கினாள்.

"தொடாதே! கெட்டுவிடும்!" என்று என் வாய் கூவிவிட்டது. 34 ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவனுக்கு இச்சொல் மூச்சைப்போல் வருவது. அவள் சிரித்தாள். "கெட்டால் 300 ரூபாய் போகும், தாத்தா, அவ்வளவுதானே?" என்றாள்.

மூடி திறந்தது. உள்ளே ஒரு பச்சை நிறப் பலகை. அதன் நடுவே கறுப்புப் பொட்டு வைத்தாற்போல ஒரு பசைத்துளி. அத்துளியின் அடியிலேதான் பெட்டியின் மூளையாகிய சில்லு இருக்கிறது. அருகில் அரிசியளவான சில உறுப்புகள். என் பேத்தி தாளத்தை ஒலிக்கவிட்டாள். ஆள்காட்டி விரலை நீரில் நனைத்தாள். அவ்வுறுப்புகளுள் ஒன்றன் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டாள். அந்தக் கணமே தாளம் விரைந்தது, ஓசையும் உயர்ந்தது. விரலை அழுத்த அழுத்த மேலும் உயர்ந்தது. எடுத்ததும் பழைய நிலைக்கு மீண்டது. தொட்டால் சிணுங்கிச் செடியைத் தொட்டு மகிழும் சிறுவனைப்போல நானும் என் விரலை நனைத்துக்கொண்டேன் என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறேன்.

இவ்வாறு செய்யும் கலைக்கு மேனாட்டில் 'சர்க்கியூட் பெண்டிங்' என்று பெயர். 'மின்சுற்றை வளைத்தல்' என்று நாம் கூறலாம். இங்கே கம்பி எதுவும் வளைக்கப்படுவதில்லை. வாய்க்காலில் ஓடும் நீரை உழவன் மடை திருப்பிவிடுவதுபோல, ஒரு வழியே ஓடும் மின்னோட்டத்தை வேறு வழியிலே திருப்பிவிடுதலே இக்கலையின் சாரம். விலை மலிந்த பழைய தாளப்பொறிகளில் இதனை எங்ஙனம் செய்கின்றனர், ஏன் செய்கின்றனர், அதிலே நமக்குப் பாடம் யாது என்பவற்றையே இன்று பேச எடுத்துக்கொண்டுள்ளேன்.

முதலில், தாளப்பொறி என்பது யாது? முரசறைவோன் இல்லாமலே முரசொலி தருகின்ற கருவி அது. 'டிரம் மெஷின்' என்று கூறுவர். அதனோடு உடன்பிறந்தது 'சீக்குவென்சர்' என்னும் நிரற்பொறி. எந்த ஒலி எந்த நொடியில் எழவேண்டும் என்னும் வரிசையை நினைவில் வைத்திருந்து, அதனைத் திரும்பத் திரும்ப நடத்துவது அதன் தொழில். 16 கட்டங்கள் ஒரு வரிசையில் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். 1, 5, 9, 13 ஆகிய கட்டங்களில் புள்ளி வைத்தால், சமமான நான்கு அடிகள் விழும். வேறு கட்டங்களில் வைத்தால் வேறு நடை பிறக்கும். கோலத்திற்குப் புள்ளி எப்படியோ, நிரற்பொறிக்குக் கட்டம் அப்படி.

இத்தகைய கருவிகள் நேற்று முளைத்தவை அல்ல. ரஷ்ய நாட்டு அறிஞர் லியோன் தெரமின், அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கவலின் வேண்டுகோளுக்கிணங்கி, 1930களின் தொடக்கத்தில் 'ரித்மிக்கான்' என்னும் கருவியைச் செய்தார். 1959ஆம் ஆண்டில் வுர்லிட்சர் நிறுவனத்தார் 'சைட்மேன்' என்னும் தாளப்பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். ஜப்பானியராகிய இக்குத்தாரோ ககேஹாஷி 1972இல் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவினார். அந்நிறுவனம் 1980இல் வெளியிட்ட 'டி.ஆர்.-808' என்னும் தாளப்பொறி புகழ் மிக்கது.

அதன் கதை சுவையானது. உண்மையான முரசைப்போல் அது ஒலிக்கவில்லை என்று பலர் குறை கூறினர். ஏறத்தாழ 12,000 பொறிகள் செய்யப்பட்டபின், 1983இல் உற்பத்தி நின்றது. அவை பழைய பொருட்கடைகளில் மலிவாக விற்கப்பட்டன. புதுக்கருவி வாங்கப் பொருளில்லாத இளைஞர்கள் அவற்றை வாங்கினர். எந்த ஓசையைக் குறை என்றனரோ, அந்த ஓசையே பின்னர் உலகெங்கும் விரும்பப்படும் ஓசையாயிற்று.

அதே நிறுவனத்தின் 'டி.பி.-303' என்னும் கருவிக்கும் இதே கதிதான். அது நிரற்பொறியும் ஒலியாக்கியும் ஒன்றாய் அமைந்தது; தனியாக வாசிப்போருக்குத் துணையாகக் கீழ்ஸ்தாயி கித்தாரின் ஒலியைத் தருவதற்கென்று செய்யப்பட்டது. அப்பணியில் அது தோல்வியுற்று, 1984இல் கைவிடப்பட்டது. சிக்காகோ நகரத்து இளைஞர் குழு ஒன்று பழைய பொறியொன்றை மலிவாக வாங்கியது. 'ஃபியூச்சர்' என்பது அக்குழுவின் பெயர். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் அதன் குமிழ்களை ஓயாது திருகினர். 1987இல் வெளிவந்த அவர்களது இசைத்தட்டிலிருந்து ஒரு புதிய நடன இசையே கிளைத்தது. நம் நாட்டிலும் ஒருவர் உண்டு. மும்பைத் திரையிசைக் கலைஞராகிய சரண்ஜித் சிங், மேற்கூறிய இரு பொறிகளையும் கொண்டு, பத்து இராகங்களை 1982ஆம் ஆண்டிலேயே இசைத்தட்டாக வெளியிட்டார். அன்று அதனைக் கேட்டோர் சிலரே. 2010இல் மறுபதிப்பாக வந்தபோது உலகம் வியந்தது.

இவர்கள் பொறியின் மூடியைத் திறக்கவில்லை. செய்தவர் கருதாத வகையிலே பயன்படுத்தினர். இனி மூடியைத் திறந்தவரிடம் வருவோம்.

அமெரிக்க நாட்டின் ஒஹையோ மாநிலத்தில் சின்சினாட்டி என்றொரு நகரம் உண்டு. 1966-67ஆம் ஆண்டளவில், அங்கே ரீட் கஸாலா என்னும் சிறுவர் வாழ்ந்தார். மின்கலத்தால் இயங்கும் சிறிய ஒலிபெருக்கி ஒன்று, பின்மூடி இல்லாத நிலையில் அவருடைய மேசை அறைக்குள் கிடந்தது. அறைக்குள் இருந்த ஏதோ ஓர் உலோகப் பொருள் அதன் மின்சுற்றைத் தற்செயலாகத் தொட்டது. உடனே விந்தையான ஒலிகள் எழுந்தன. வேறொருவராயின், 'பழுது' என்று சொல்லி அதனை எறிந்திருப்பார். அச்சிறுவரோ, தற்செயலாகத் தொட்டதே இத்தகைய ஒலியைத் தருமானால், வேண்டுமென்றே தொட்டால் என்னென்ன ஒலிகள் பிறக்கும் என்று சிந்தித்தார். அன்று தொடங்கிய தேடலைப் பல்லாண்டுகள் தொடர்ந்தார். பேசும் விளையாட்டுப் பெட்டிகளையும் மின்னிசைக் கட்டைகளையும் புதுக்கருவிகளாக மாற்றினார். 'சர்க்கியூட் பெண்டிங்' என்னும் பெயரை 1992இல் வழங்கியவரும் அவரே.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிலே எங்களுக்குக் கற்பித்தனர். ஈர விரலால் தாளம் ஏன் விரைந்தது என்பதை அம்முறையிலேயே விளக்குகிறேன்.

ஒரு பானை, அதன்மேல் ஒரு குழாய். குழாயிலிருந்து நீர் சொட்டிப் பானை நிறைகிறது. நிறைந்ததும் பானை தானே கவிழ்ந்து, வெறுமையாகி, மீண்டும் நிமிர்கிறது. ஒவ்வொரு முறை கவிழும்போதும் 'டக்' என்றோர் ஓசை. பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கி என்னும் உறுப்பே இப்பானை. மின்தடை என்னும் உறுப்பே ஒடுங்கிய குழாய். பானை கவிழும் ஓசையே பொறியின் நாடித்துடிப்பு. அத்துடிப்பை எண்ணிக்கொண்டுதான் பெட்டி தன் பணிகளையெல்லாம் செய்கின்றது.

இப்போது குழாயின் பக்கத்தில் அதே அளவுள்ள இன்னொரு குழாயைத் திறந்துவிடுங்கள். பானை பாதி நேரத்தில் நிறையும், துடிப்பு இருமடங்காகும். ஈர விரல்தான் அந்த இரண்டாவது குழாய். நம் உடலும் மின்னோட்டத்திற்கு ஒரு வழியே. உலர்ந்த தோல் மிகுந்த தடை தரும், நனைந்த தோல் குறைந்த தடை தரும். கணக்காகப் பார்ப்போம். பெட்டியிலுள்ள மின்தடை 1,00,000 ஓம். விரலின் தடையும் 1,00,000 ஓம் என்று கொள்வோம். இரண்டும் பக்க இணைப்பில் சேரும்போது மொத்தத் தடை 50,000 ஓம். தடை பாதியானால் துடிப்பு இருமடங்கு. துடிப்பு இருமடங்கானால், மத்திய ஸ்தாயி ஸட்ஜம் தார ஸ்தாயி ஸட்ஜமாகிவிடும். தாளத்தின் வேகமும் அதே துடிப்பைச் சார்ந்திருப்பதால், அதுவும் இருமடங்காகும். வகுப்பில் மனப்பாடம் செய்த பக்க இணைப்புச் சூத்திரத்தைக் காதால் கேட்க இயலும் என்பதை, நான் என் 60 வயதுக்குப் பின்னரே அறிந்தேன்.

விரலுக்குப் பதிலாக அதே இடத்தில் ஒரு மாறுமின்தடையை, அதாவது வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் போன்ற ஒன்றை, ஈயத்தால் பற்றவைத்துவிட்டால், நினைத்த வேகத்தில் நிறுத்தலாம். இதுவே இக்கலையின் முதற்பாடம்.

இரண்டாம் பாடம் நினைவகத்தைப் பற்றியது. 1986இல் வெளிவந்த 'டி.ஆர்.-505' என்னும் தாளப்பொறி, மின்சுற்றை வளைப்போர் பெரிதும் நாடுகின்ற ஒன்று. இதில் முரசு, ஜாலரா முதலிய 16 ஒலிகள் முன்னரே பதிவு செய்யப்பட்டு, மாற்ற இயலாத நினைவகச் சில்லுகளில் எண்களாக உறங்குகின்றன. சில்லின் கால்கள் இருவகைப் பணி செய்யும். ஒருவகை, 'இன்ன இடத்திலுள்ள எண்ணைக் கொடு' என்று கேட்கும் முகவரிக் கம்பிகளோடு இணைந்தது. மற்றொரு வகை, அவ்வெண்ணைக் கொண்டுவந்து தரும் செய்திக் கம்பிகளோடு இணைந்தது.

நூலகத்தை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் தட்டிலுள்ள நூலைக் கேட்டு ஒரு சீட்டு அனுப்புகிறீர்கள். வழியிலே யாரோ ஐந்தை ஏழாகத் திருத்திவிடுகின்றனர். நூலகர் மீது பிழையில்லை. அவர் ஏழாம் தட்டின் நூலைத் தருகிறார். முகவரிக் கம்பிகளை மாற்றி இணைத்தால் இதுவே நிகழும். முரசு ஒலிக்கவேண்டிய இடத்திலே பாதி ஜாலராவும், கைதட்டலின் வால்பகுதியும் கலந்து ஒலிக்கும்.

செய்திக் கம்பிகளை மாற்றினால் வேறொரு விந்தை. எட்டுக் கம்பிகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றின் மதிப்பு முறையே 128, 64, 32, 16, 8, 4, 2, 1. ஐந்து என்னும் எண்ணை அனுப்ப, 4க்குரிய கம்பியும் 1க்குரிய கம்பியும் விழித்திருக்கும், ஏனையவை உறங்கும். இப்போது 1க்குரிய கம்பியையும் 128க்குரிய கம்பியையும் இடம் மாற்றிவிடுங்கள். 4ம் 128ம் சேர்ந்து 132 ஆகிவிடும். மெல்லிய முணுமுணுப்பு இடியோசையாகும். ஒரு வினாடியில் பல்லாயிரம் எண்கள் இவ்வாறு புரள்வதால், இதுவரை எவரும் கேட்டிராத கரகரத்த ஒலி பிறக்கிறது. பொறி சில வேளைகளில் திகைத்து நின்றுவிடுவதும் உண்டு. மின்கலத்தை எடுத்துவிட்டு மீண்டும் வைத்தால், பெரும்பாலும் தெளிவடைந்து எழும். நாம் அமைத்து வைத்த தாள நிரல்கள் அழிந்துபோகலாம். நினைவகத்தில் உறங்கும் மூல ஒலிகள் அழிவதில்லை. இரும எண்களைப் பாடநூலில் படித்துக் கொட்டாவி விட்ட மாணவன், இதனைக் கேட்டால் கொட்டாவி விடமாட்டான்.

'இது இசையா, இரைச்சலா?' என்று உங்களுள் ஒருவர் வினவக்கூடும். பெரும்பகுதி இரைச்சலே. நூறு இடங்களைத் தொட்டால், எண்பது இடங்களில் ஒன்றும் நிகழாது. பத்துப் பதினைந்து இடங்களில் இரைச்சல் எழும். ஓரிரு இடங்களிலேதான் காது நிமிர்ந்து உட்காரும். அந்த ஓரிரண்டைக் கண்டு தேர்ந்துகொள்வதே கலை. தொட்ட இடம் எது, என்ன நிகழ்ந்தது என்பதைக் குறிப்பேட்டில் வரைந்து வைத்துக்கொண்டால், அது அறிவியலும் ஆகிறது. என் பேத்தியின் குறிப்பேட்டில் பலகையின் படத்தை வரைந்து, 43 இடங்களுக்கு எண் இட்டிருந்தாள். குறிப்பேடு இல்லாதவன் செய்வது வெறும் விளையாட்டு. அதுவும் குற்றமன்று, ஆனால் நாளைக்கு நிலைக்காது.

ஆயினும் மூடியைத் திறக்குமுன் சில வரம்புகளை உறுதியாகக் கொள்ளவேண்டும். மின்கலத்தால் இயங்கும் கருவியை மட்டுமே தொடுக. சுவரிலுள்ள 230 வோல்ட் மின்சாரம் உயிரைக் குடிக்கும். அதனோடு இணைத்த எந்தக் கருவியையும் திறந்த நிலையில் தொடலாகாது. சுவரில் செருகும் அடாப்டர் உடன் வந்திருந்தால், அதனை விலக்கி வையுங்கள். பழைய தொலைக்காட்சிப் பெட்டியும், ஒளிப்படக் கருவியின் மின்னொளி விளக்கும், இணைப்பை அறுத்த பின்னரும் மின்னைத் தேக்கி வைத்திருக்கும், அவற்றைத் திறவாதீர். மின்கலத்தின் இரு முனைகளையும் நேரே இணைத்துவிடாதீர். சில்லு இறந்துவிடும், கம்பியும் சூடேறும். புதிய ஒலியைத் தேடும்போது காதில் அணியும் ஒலிப்பான்களைப் பூணாதீர். திடீரென எழும் பேரொலி செவியைக் கெடுக்கும். ஈயம் பற்றவைத்தபின் கைகளைக் கழுவுங்கள். பிறருடைய கருவியை அவர் இசைவின்றித் திறவாதீர்.

இன்னுமொரு வரம்பு உண்டு. டி.ஆர்.-808 போன்றவை இன்று அரும்பொருள்களாகிவிட்டன, பெருவிலைக்கு விற்கின்றன. அவற்றை அறுத்துப் பார்ப்பது அறிவுடைமையாகாது. மலிவுதான் இக்கலையின் உயிர். கெட்டால் அழவேண்டியதில்லை என்னும் நிலை இருந்தால்தான் கை துணியும். கை துணிந்தால்தான் கண் திறக்கும்.

இதனைக் கூறும்போது என் நெஞ்சிலே ஒரு முள் உறுத்துகிறது. அதனையும் சொல்லிவிடுகிறேன்.

நான் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற பள்ளியில், பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் வாங்கித் தந்த டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. மாணவர் செய்யுட்களைச் செவ்வனே ஓதக் கற்கவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். 1998ஆம் ஆண்டில் ஒருநாள், அதனுள்ளே நாடா சிக்கிக்கொண்டது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். "ஐயா, எங்கள் வீட்டு ரேடியோவை நான்தான் பார்ப்பேன். இதைக் கழற்றிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டான். "இது பள்ளிச் சொத்து, கெட்டுவிட்டால் உன் தகப்பனாரா கொடுப்பார்?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அவனுடைய தந்தை கூலிவேலை செய்பவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அவ்வாறு கேட்டேன். அவன் பதில் பேசவில்லை. பத்தாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது. அதற்கு வறுமையே காரணம். எனினும், பள்ளி அவன் கைக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்பதற்கு நானே காரணம்.

கருவியை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஆண்டுதோறும் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்க்கும்போது, அதன் எதிரே 'உள்ளது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். 2016இல் நான் ஓய்வு பெற்றபோது, பொறுப்பை ஒப்படைப்பதற்காக அதனை வெளியே எடுத்தோம். உள்ளிருந்த ரப்பர்ப் பட்டை உருகித் தார்போல் ஒட்டிக்கிடந்தது. அப்போதும் பதிவேட்டில் 'உள்ளது' என்றே எழுதினேன். 18 ஆண்டுகள் அதனைக் காப்பாற்றினேன். ஒரு மாணவனும் அதனால் ஒரு செய்யுளும் ஓதக் கற்கவில்லை. அச்சிறுவன் திறந்திருந்தால் அது கெட்டுப்போயிருக்கலாம். திறவாமலும் கெட்டுத்தான் போயிற்று.

பொதுப்பொருளைக் காத்தல் கடமை. அதில் ஐயமில்லை. ஆனால் கற்பதற்கென்று வாங்கிய பொருளைக் கற்போர் கைக்குத் தாராமல் காப்பது காப்பாகாது. பள்ளிக்கு விலையுயர்ந்த கருவியைத் திறக்கக் கொடுக்கத் தயக்கமாயிருந்தால், பழைய சாமான் கடையில் 300 ரூபாய்க்கு ஒரு பெட்டியை வாங்கி, 'இது கெடுவதற்கென்றே வாங்கியது' என்று எழுதி ஒட்டி, மாணவரிடம் கொடுத்துவிடலாம். ஆசிரியப் பணிக்குச் செல்லவிருக்கும் இளைஞர்கள் இதனை நினைவிற்கொள்வார்களாக.

என் பேத்தி ஊருக்குத் திரும்பும்போது, அப்பெட்டியை என் மேசைமேல் விட்டுச் சென்றாள். அதன் திருகாணிகளுள் இரண்டைக் காணவில்லை. மூடியில் துளையிட்டு ஒரு குமிழ் பொருத்தியிருக்கிறாள். குமிழை இடப்புறம் திருகினால் தாளம் யானை நடை நடக்கிறது. வலப்புறம் திருகினால் அணிலோட்டம் ஓடுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாலைதோறும் அதற்காகவே வருகின்றனர். நேற்று அவர்களுள் ஒருவன், "இதற்குள் என்ன இருக்கிறது, தாத்தா?" என்று கேட்டான். திருப்புளியை அவன் கையிலே கொடுத்தேன்.